உளவாளி யார் பக்கம்?

மாறுவேடத்தில் எதிரியின் முகாமுக்குள் நுழையும் ஒருத்தி பிடிபட்டுவிடுவாளோ என்று நாம் பதறுகிறோம் என்றால், அவள் நம்மவள் என்று மனம் முன்பே முடிவுகட்டிவிட்டது என்று பொருள். உளவுப் படம் நிற்பது அந்த முடிவின்மேல்தான். தமிழில் 1945இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'பர்மா ராணி' இவ்வகையின் முன்னோடிகளில் ஒன்று. ஜப்பானியர் பிடியிலிருக்கும் பர்மாவில் இந்திய விமானப்படை வீரர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு உதவும் உளவாளி ராணியாக கே. எல். வி. வசந்தா நடித்தார். இயக்குநர் டி. ஆர். சுந்தரமே ஜப்பானிய அதிகாரியாகவும் வந்தார். ஆனால் இந்தக் கதைக்கு எதிரியைத் தேர்ந்து கொடுத்தது பிரிட்டிஷ் அரசின் போர்ப் பிரச்சாரம். கச்சா பிலிம் கட்டுப்பாட்டில் இருந்த நாளில், தயாரிப்பாளர்களிடம் போர் ஆதரவுப் படங்களை அரசு எதிர்பார்த்தது.

சிங்கப்பூர்த் தமிழர் அந்த எதிரியை அவ்வளவு எளிதாக ஏற்றிருக்க மாட்டார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் சரணடைந்தார்கள். இரண்டே நாளில், இன்றைய லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க்கில், பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அடுத்த ஆண்டு, பிரிட்டிஷாரை எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமை ஏற்க சுபாஷ் சந்திர போஸ் வந்தார். கேப்டன் லட்சுமியின் தலைமையில் அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படை இங்கேதான் உருவானது. மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்து, பர்மாவரை போனார்கள். மகளை அந்தப் படைக்கு அனுப்பிய வீட்டில், பிரிட்டிஷாருக்கு உளவு பார்ப்பவளைக் கதாநாயகியாக யார் கொண்டாடியிருப்பார்கள்? மறுபக்கமும் சினிமாவின் பலத்தை அறிந்திருந்தது. இந்திய விடுதலைப் போரைப் படமாக்க ஜப்பானிய ராணுவம் இயக்குநர் யாசுஜிரோ ஓசுவை சிங்கப்பூருக்கு அனுப்பியது. அந்தப் படம் முடியவேயில்லை.

ஜப்பானியரின் கொடுமை மெய்தானே, படம் அதைச் சொன்னால் தவறா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட மலாயாத் தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் அங்கேயே மாண்டார்கள். அதற்கு மன்னிப்பே கிடையாது. ஆகவே 'பர்மா ராணி' காட்டிய எதிரி பொய்யல்ல. எதிரி ஒருவன்தான் என்பதே அதன் குறை. போர்க்காலத்தில் சேலத்துத் தயாரிப்பாளரால் வேறெப்படி எடுத்திருக்க முடியும் என்றால், அதுவும் சரி. நான் சுந்தரத்தைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் இன்றைய படைப்பாளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அழிக்கப்பட்ட நினைவும் இங்கே மீண்டிருக்கிறது: சிங்கப்பூரின் எஸ்பிளனேடில் இந்திய தேசிய ராணுவத்துக்காக எழுந்த நினைவுச் சின்னத்தைப் பிரிட்டிஷார் 1945இல் திரும்பியதும் இடித்தார்கள். அதே இடத்தில் 1995இல் அடையாளக் கல் வைக்கப்பட்டது. சிங்கப்பூரில் இந்தக் காலத்தை வைத்து உளவுக் கதை எழுதுபவர், ரயில்பாதையில் தகப்பனையும் படையில் மகளையும் கொடுத்த குடும்பத்திலிருந்தே தம் உளவாளியைத் தேட வேண்டும்.