வேளை தவறாத கை

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நடுக்கநோய்க்கு இன்றும் முற்றான தீர்வு இல்லை. மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதால் வரும் குறையை லெவோடோபா மாத்திரை சில மணி நேரம் ஈடுகட்டும், அவ்வளவுதான். வேளை தப்பினால் உடல் இறுகும். புரதம் மிகுந்த உணவோடு விழுங்கினால் பலருக்கு மருந்து சரியாக ஏறாது. ஆக, கடிகாரத்தையும் சாப்பாட்டையும் பார்த்துக் கொடுப்பவர் சிகிச்சையின் ஒரு பகுதி. நடக்கையில் கால் தரையோடு ஒட்டியதுபோல் நின்றுவிட்டால், 'ஒன்று, இரண்டு' என எண்ணி அடியெடுக்க வைப்பவரும் அவரே. (தாளம் கேட்டதும் கால் நகர்வது இந்நோயின் விசித்திரம்.) அவர் மனைவியாக இருந்தால், "மனைவியின் கடமைதானே" என்பார்கள். கடமை என்பதால் அவருடைய முதுகுவலி குறைந்துவிடாது. அவருக்குச் சால்வை போர்த்துவதைவிட, வாரம் ஒரு பிற்பகல் அவர் இடத்தில் இன்னொருவர் உட்காருவதே நல்ல பாராட்டு. நோயாளிக்குப் புதுக் கை பழகாதே என்ற தயக்கம் நியாயம்தான். முதல் சில வாரம் இருவரும் சேர்ந்தே பார்த்துக்கொண்டால் பழகிவிடும்.