சூளையில் பிறக்கும் வடிகட்டி

மயிலாப்பூர் மாடவீதிகளில் ஆவணியில் விற்கப்படும் களிமண் பிள்ளையார் நீரில் இட்டதும் குழைந்துவிடும். அடுத்துவரும் நவராத்திரியில் அதே வீதிகளில் விற்கப்படும் சுடுமண் பொம்மை குழைவதில்லை. களிமண்ணின் படிகத்தோடு பிணைந்திருந்த நீரைச் சூளையின் வெப்பம் வெளியேற்றி, மண்ணின் அமைப்பையே மாற்றிவிடுகிறது. குடிநீரிலுள்ள நஞ்சை அகற்றும் ஒரு பொருளும் இம்முறையிலேயே உருவாகிறது.

சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் கிடைக்கும் பாக்சைட்டுத் தாதுவைத் தூய்மைப்படுத்தினால் அலுமினியம் ஹைட்ராக்சைடு கிடைக்கும். அதனைச் சில நூறு பாகை செல்சியசுக்குச் சூடேற்றும்போது, பிணைந்திருந்த நீர் ஆவியாகி எண்ணற்ற நுண்துளைகளை விட்டுச்செல்கிறது. இதுவே கிளர்வுற்ற அலுமினா. இதன் ஒரு கிராமின் உட்பரப்பு 200 சதுர மீட்டருக்கும் மிகுதியாக இருக்கும். தியாகராய நகரில் அத்துணைப் பரப்புள்ள வீடு வாய்ப்போர் சிலரே! வெப்பம் 1,100 பாகையைக் கடந்தாலோ துளைகள் மூடிக்கொள்ளும். எஞ்சுவது கடினமான குருந்தக்கல். தீயின் அளவறிதலே இங்குத் தொழில்நுட்பம்.

தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளூரைடு கரைகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிட்டாதவிடத்து 1.5 வரை பொறுக்கலாம். அதனை விஞ்சிய நீரை நெடுங்காலம் பருகுவோரின் பற்களில் கறை படியும், எலும்புகளும் வளையக்கூடும். இந்நீரை அலுமினாவின் வழியே செலுத்தினால், ஃபுளூரைடு அதன் பரப்பிலுள்ள ஹைட்ராக்சைடை விலக்கி அவ்விடத்தில் அமர்ந்துகொள்ளும். இடமெல்லாம் நிரம்பியபின் எரிசோடாக் கரைசலால் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால், கழுவிய நீரில் ஃபுளூரைடு செறிந்திருக்கும். அதனைத் தெருவில் கொட்டினால் நஞ்சு மீண்டும் கிணற்றுக்கே செல்லும். கருவி அமைத்த ஊர்களில் பெரிதும் கவனிக்கப்படாதுபோவது இதுவே.

அடையாற்றை அடுத்துள்ள சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழுவினர், அலுமினாவின் மீது வெள்ளி நுண்துகள்களைப் படியவைத்துப் பூச்சிக்கொல்லி எச்சங்களை நீரிலிருந்து அகற்றினர். இந்நுட்பம் 2007இல் வீட்டு வடிகட்டிகளில் இடம்பெற்றது. ஆர்செனிக்கை அகற்றப் பின்னர் அவர்கள் உருவாக்கிய 'அம்ரித்' பொருளுக்குச் சூளை தேவையில்லை. இரும்புக் கனிமமான ஃபெரிஹைட்ரைட்டு அதில் அறை வெப்பநிலையிலேயே உருவாகிறது. அக்கனிமத்தைச் சுட்டால் அது ஹேமடைட்டாக மாறி, கவரும் பரப்பைப் பெரிதும் இழந்துவிடும்.