அடைபட்ட ஆலயமும் திறந்த இல்லமும்

2020 மார்ச் 25-இல் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. ஏப்ரல் 12, உயிர்ப்புப் பெருவிழாவன்றும் ஆலயக் கதவுகள் திறக்கவில்லை. மக்களின்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்த என் நெஞ்சம் கனத்தது.

ஆயினும், அந்நாள்களில் ஒரு மாலை, நோயிற்பூசுதல் அளிக்கச் சென்ற வழியில் வீடுதோறும் செபமாலை ஒலிக்கக் கேட்டேன். பிள்ளைகள் உறங்கிய பின்னரே வீடு திரும்பும் வழக்கமுடைய தந்தை ஒருவர் செபத்தைத் தொடங்க, சிறுவர் மறுமொழி கூறினர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் குடும்பத்தை ‘இல்லத் திருச்சபை’ என்றழைத்ததன் பொருள் அன்றே எனக்கு முற்றும் விளங்கிற்று.

பிழைப்பிழந்து பசித்தோரையும், கொள்ளைநோயால் மாண்டோரையும் மறந்து அந்நாள்களைப் போற்றுதல் தகாது. எனினும், அன்பார்ந்த பெற்றோரே, ஆலயம் திறந்துவிட்டது. உங்கள் இல்லச் செபம் நின்றுவிட்டதோ? இன்றிரவே பிள்ளைகளோடு முழந்தாளிடுங்கள்.