ஒரே மேமோகிராம்... டாக்டருக்கு டாக்டர் ரிசல்ட் மாறுமா?

அம்மாவுக்கு மேமோகிராம் எடுத்தாச்சு. 'நார்மல்'னு ரிப்போர்ட்டும் வந்தாச்சு. அதே படத்தை வேறொரு டாக்டர்கிட்ட காட்டினா, 'இந்த இடத்தை இன்னொரு தடவை பார்த்துடலாமே'ங்கிறார். யாரை நம்புறது?

1994-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைத்தான் சோதித்தது. டாக்டர் ஜோஆன் எல்மோரின் குழு, 150 மேமோகிராம்களை 10 ரேடியாலஜிஸ்ட்டுகளிடம் தனித்தனியாகக் கொடுத்தது. மார்பகப் புற்றுநோய் இருந்த பெண்களில் 74% பேருக்கு 'உடனே அடுத்தகட்ட பரிசோதனை வேணும்' என்றார் ஒருவர். இன்னொருவர் 96% பேருக்குச் சொன்னார். நோயே இல்லாத பெண்களில்? ஒருவர் 11% பேருக்குத்தான் அப்படிச் சொன்னார். இன்னொருவரோ 65% பேருக்கு!

அப்போ டாக்டர்களுக்குத் திறமை இல்லையா? அப்படியில்லை. மேமோகிராமில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும், சுரப்பித் திசு வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளைதான்! அடர்த்தியான மார்பகத்தில் அதைக் கண்டுபிடிப்பது, வெள்ளைச் சுவரில் சுண்ணாம்புப் புள்ளியைத் தேடுற மாதிரி. சந்தேகம் வரும்போது, 'எதையும் விட்டுடக் கூடாது' என நினைப்பார் ஒரு டாக்டர். 'தேவையில்லாம பயமுறுத்தக் கூடாது' என நினைப்பார் இன்னொருவர். முதலாமவரால் வீண் பயாப்ஸி நடக்கலாம்; இரண்டாமவர் நோயையே தவறவிடலாம்.

இந்தக் குழப்பத்தைக் குறைக்க வந்ததுதான் 'பை-ராட்ஸ்' எண். ரிப்போர்ட்டின் கடைசியில் பாருங்க. 0 என்றால், படம் போதவில்லை, இன்னும் ஸ்கேன் வேணும் (கேன்சர்னு அர்த்தமில்லை). 1, 2 என்றால் பயமில்லை. 3 என்றால் கேன்சருக்கான வாய்ப்பு 2 சதவிகிதத்தைத் தாண்டாது. பொதுவாக 6 மாதத்தில் மறுபடி பார்ப்பாங்க. 4, 5 என்றால் பயாப்ஸி. 6 என்பது ஏற்கெனவே உறுதியான கேன்சர்.

பிரிட்டனின் அரசுப் பரிசோதனைத் திட்டத்தில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேர் பார்க்கிறாங்க. நம்ம வீட்டுலயும் மூணு விஷயம் செய்யலாம்.

* பழைய மேமோகிராம் படங்களைத் தூக்கிப் போடாதீங்க. புதுசா ஏதாவது வந்திருக்கான்னு ஒப்பிட அதுதான் உதவும்.
* சந்தேகம் இருந்தா, படத்தோட போய் இரண்டாவது கருத்து கேளுங்க. எந்த டாக்டரும் தப்பா நினைக்க மாட்டார்.
* கையில் கட்டி தட்டுப்பட்டா, ரிப்போர்ட் 'நார்மல்'னு இருந்தாலும் டாக்டரைப் பாருங்க.

இன்னிக்கே அம்மாகிட்ட கேளுங்க... 'போன தடவை எடுத்த படம் எங்கம்மா இருக்கு?'