கொச்சி மிளகில் காரம் எவ்வளவு?

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நம்மில் பலர் மறக்காமல் எடுத்துச் செல்லும் பொருள் மிளகு. "போன தடவை நீங்கள் கொடுத்தது சுள்ளென்று இருந்தது, இந்தத் தடவை அவ்வளவு காரம் இல்லையே" என்று சம்பந்தி வீட்டார் சொல்லிவிட்டால் போதும், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பாவம், அவர் மேல் குற்றமே இல்லாமலும் இருக்கலாம். ஒரே மலையில் விளைந்தாலும் மிளகுக்கு மிளகு காரம் வேறுபடும்.

இரயில்வேயில் நாங்கள் சாமான் வாங்கும்போது பெயரைப் பார்த்து வாங்குவதில்லை; சோதனை அறிக்கையைப் பார்த்துத்தான் வாங்குவோம். மிளகையும் அப்படிப் பார்க்கலாம். அதன் உறைப்புக்குக் காரணம் பைப்பரின் என்ற பொருள். வாசனைக்குக் காரணம் வேறு; அது எளிதில் ஆவியாகும் எண்ணெய். பைப்பரினை 1819-ல் மிளகிலிருந்து முதலில் பிரித்தெடுத்தவர் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி எர்ஸ்டெட். மறு வருடமே, மின்சாரம் ஓடும் கம்பி அருகிலுள்ள திசைகாட்டி முள்ளை அசைக்கிறது என்று கண்டு சொன்னவரும் இவரே. சிக்னல், தந்தி, மோட்டார் எல்லாம் அந்த முள்ளின் அசைவிலிருந்து வந்தவை. என் தொழிலுக்கும் என் வீட்டு ரசத்துக்கும் ஒரே மூலபுருஷர் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்!

முதல் வேறுபாடு கொடியின் ரகத்தில் இருக்கிறது. கேரளத்தில் பரவலாக உள்ள கரிமுண்டாவில் பைப்பரின் நூற்றுக்குச் சுமார் 4.4 பங்கு. பன்னியூர் ஆராய்ச்சி நிலையம் 1971-ல் வெளியிட்ட ஒட்டு ரகமான பன்னியூர்-1-ல் 5.3. தென் கேரளத்துக் கொட்டநாடனில் 6.6 வரை. ஆக, கரிமுண்டாவில் மூன்று மணி செய்யும் வேலையைக் கொட்டநாடனில் இரண்டே மணி செய்துவிடும். கொடியை வெட்டி நட்டே வளர்ப்பதால் தாய்க்கொடியின் குணம் அப்படியே வரும். மண், மழை, நிழல் ஆகியவை அதைச் சற்றுக் கூட்டும், குறைக்கும்.

இரண்டாவது வேறுபாடு பறிக்கும் பருவம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மட்டாஞ்சேரியில் நான் குடியிருக்கும் இடத்திலிருந்து பஜார் ரோடு நடை தூரம். 1957-ல் மிளகு வியாபாரிகள் சங்கம் ஏற்பட்டு, முன்பேர வணிகம் நடந்த ஊர் இது. இங்கே மிளகின் தரத்தை 'லிட்டர் வெயிட்' என்று பேசுவார்கள். ஒரு லிட்டர் பாத்திரத்தில் தலை தட்டி நிரப்பிய மிளகு 550 கிராம் இருந்தால் உயர்ந்த சரக்கு. எடை குறையக் குறைய விலையும் குறையும். நன்கு முற்றிய மணிதான் கனமாக இருக்கும் என்பதால் வியாபாரத்துக்கு இது சரியான அளவுகோலே.

ஆனால் கொச்சியைச் சுற்றியுள்ள மிளகுச் சத்து ஆலைகளுக்குக் கனமான மிளகு வேண்டாம்! 1972-ல் கோலஞ்சேரியில் தொடங்கிய சிந்தைட் போன்ற ஆலைகள் எடுக்கும் சத்துக்கு, உள்ளே முழுதும் நிரம்பாத இலேசான மணிதான் உகந்தது. காரணம் எளிது. மணி முற்றும்போது உள்ளே மாவுச்சத்து ஏறி எடை கூடுகிறது. காரமும் எண்ணெயும் அதே வேகத்தில் ஏறுவதில்லை. அதனால் நூறு கிராமுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் பாதி முற்றிய மிளகில்தான் இரண்டும் அதிகம். கடைக்காரர் கழித்துக் கட்டுவதை ஆலைக்காரர் தேடி வாங்குகிறார்.

பருத்த மணியும் அப்படித்தான். ஏற்றுமதியில் 'தலச்சேரி' என்ற பெயர் இன்று ஊரைக் குறிப்பதைவிட அளவைத்தான் குறிக்கிறது, 4.25 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கும் மணி ஒரு தரம், 4.75-ல் தங்குவது அதற்கும் மேலே. பார்வைக்கு அழகு, விலையும் அதிகம். காரத்துக்கு அது உத்தரவாதம் அல்ல. தண்ணீரில் மிதப்பதெல்லாம் பப்பாளி விதை என்று நினைப்பதும் முழுக்கச் சரியல்ல. நான் சொன்ன இலேசான மிளகும் மிதக்கும். நசுக்கி மோந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

வாங்கிய பிறகு மீதி நம் கையில். பொடித்து வைத்தால் எண்ணெய் பறந்துவிடும். வெளிச்சம் பட்டால் பைப்பரினே உருமாறி உறைப்புக் குறையும். ஜன்னலோரத்துக் கண்ணாடி ஜாடி அழகாக இருக்கும், மிளகுக்கு ஆகாது. முழு மிளகாக, இருட்டான அலமாரியில், இறுக மூடிய டப்பாவில் வையுங்கள்.

இதையெல்லாம் எழுதியதற்குச் சமையல் மட்டும் காரணமல்ல. பைப்பரின் வேறு மருந்துகளை உடலில் அதிகமாகச் சேரச் செய்யும். ஜம்முவிலுள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகத்தின் உழைப்பில் 2009-ல் ஒரு காசநோய் மருந்து வெளிவந்தது. வழக்கமான 450 மில்லிகிராம் ரிஃபாம்பிசினுக்குப் பதிலாக அதில் 200 மில்லிகிராம்தான். கூடவே 10 மில்லிகிராம் பைப்பரின். அந்தப் பத்து மில்லிகிராமைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிராமில் இருபது, இருபத்தைந்து மிளகு நிற்கும் என்று வைத்துக்கொண்டால், காரமான ரகத்தில் மூன்று, நான்கு மணி. காரம் குறைந்த ரகத்தில் ஐந்து, ஆறு. இவ்வளவுதான்!

ரசத்துக்கும் பொங்கலுக்கும் யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் வீட்டுப் பெரியவர்கள் சிலர் திரிகடுகச் சூரணத்தையோ மிளகுக் கஷாயத்தையோ தினமும் உட்கொள்கிறார்கள். கூடவே டாக்டர் கொடுத்த மாத்திரையும் நடக்கிறது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், மிளகோடு சேரும்போது இரத்தத்தில் கூடுவதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அந்த மாத்திரையின் அளவு சற்று மீறினாலே தலைசுற்றலும் தள்ளாட்டமும் வரும். புது மிளகு வாங்கி, அதன் காரம் பழையதைவிட ஒன்றரை மடங்கு என்றால், கஷாயம் அதே கரண்டிதான். உள்ளே போகும் அளவு அதே அல்ல. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டோடு சூரண டப்பாவையும் எடுத்துப் போய்க் காட்டிவிடுங்கள்.