டயர் பெரிசானா பல்லை எண்ணு!

1980களின் டொயோட்டா பிக்கப் என்றால் அமெரிக்க இளைஞர்கள் சிலருக்கு இன்னும் கிறுக்கு. ஐந்து கியர், நாலு வீல் டிரைவ். வாங்கின கையோடு 28 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 மாட்டுவார்கள். பார்க்க ஜோர்! மேட்டில்தான் வினை. நகரவே கிளட்ச் தேயும். கருகல் வாசனை வரும். ஐந்தாவது கியர் வெறும் அலங்காரம்.

ஏன்? பி.காம். படித்த எனக்குத் தெரிந்தது கணக்குதான். ஆக்ஸிலில் கிரவுன்-பினியன் விகிதம் 4.10. அதாவது, பினியன் 4.10 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. டயர் 18 சதவிகிதம் பெரிசாச்சு. இன்ஜினுக்கோ இன்க்ரிமென்ட் கிடையாது! 4.10-ஐ 33-ஆல் பெருக்கி 28-ஆல் வகுங்கள்: 4.83. கடையில் கிடைக்கிற 4.88 போட்டால் பழைய இழுவை வந்துவிடும்.

இன்னொரு லாபம், உயிர்! பெரிய டயரில் ஸ்பீடாமீட்டர் 60 மைல் காட்டினால் நிஜத்தில் 70. பல் மாறினால் முள்ளும் ஏறக்குறைய உண்மை பேசும்.

ஒரே எச்சரிக்கை: முன்னும் பின்னும் இரண்டு ஆக்ஸிலிலும் மாற்றணும். ஒன்றோடு நிறுத்தி நாலு வீல் டிரைவ் போட்டால், மாமியார்-மருமகள் நடுவே மாட்டின பிள்ளை கதிதான் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு.

டயருக்குப் பணம் எண்ணும்போதே பல்லுக்கும் எடுத்து வைப்பவனே புத்திசாலி!