'பிரொமீதியஸ்' படத்தில் பிழை எங்கே?

1979இல் வெளிவந்த 'ஏலியன்' படத்தில் சில நிமிடங்களே வரும் காட்சி ஒன்று உண்டு. பாழடைந்து கிடக்கும் ஒரு விண்கலத்துக்குள் மூன்று மனிதர்கள் நுழைகிறார்கள். உள்ளே பீரங்கியைப் போன்ற பிரம்மாண்டமான கருவி. அதன் இருக்கையில், யானை முகத்தை நினைவூட்டும் ஓர் உருவம் இறந்து கல்லாகிப்போய் உட்கார்ந்திருக்கிறது. அதன் உடல் இருக்கையோடு சேர்ந்தே வளர்ந்ததுபோல் தெரிகிறது. விலா எலும்புகள் உள்ளிருந்து வெளிப்பக்கமாக வளைந்திருக்கின்றன. அது யார், எங்கிருந்து வந்தது, எங்கே போய்க்கொண்டிருந்தது? படம் எதையும் சொல்வதில்லை. மூவரும் நகர்ந்துவிடுகிறார்கள். படமும் நகர்ந்துவிடுகிறது.

சுவிட்சர்லாந்து ஓவியர் எச்.ஆர். கீகரின் கற்பனையில் பிறந்த உருவம் அது. அதை இன்னும் பெரிதாகக் காட்ட இயக்குநர் ரிட்லி ஸ்காட் ஒரு தந்திரம் செய்தார். தம் மகன்கள் உட்படச் சிறுவர்களுக்கு விண்வெளி உடையை மாட்டி நடக்கவிட்டுத் தூரத்திலிருந்து படம்பிடித்தார். திரையில் பார்க்கும்போது நடப்பவர்கள் பெரியவர்கள் என்றும், அந்த உருவம் மலை போன்றது என்றும் நாம் நம்பிவிடுகிறோம்.

அந்த 'விண்வெளி ஓட்டுநர்' யார் என்று ரசிகர்கள் 33 ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னர் வந்த மூன்று தொடர்ச்சிப் படங்களும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. கடைசியில், 2012இல், ஸ்காட்டே பதிலோடு வந்தார். 'ஏலியன்' கதைக்கு முன் நடந்ததைச் சொல்லும் 'பிரொமீதியஸ்' படம் உலக அளவில் 400 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் வசூலித்தது. காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கர் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் ரசிகர்கள் இரு கட்சிகளாகப் பிரிந்தார்கள். அந்தச் சண்டை இன்றுவரை ஓயவில்லை.

(இனிமேல் கதையின் முடிவு வரை பேசப்போகிறேன். படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

கதை நடப்பது 2093இல். மனித இனத்தைப் படைத்தவர்கள் வேற்றுலகத்தவர் என்று நம்பும் எலிசபெத் ஷா, சார்லி ஹாலோவே என்ற இரு தொல்லியல் அறிஞர்கள் 'பிரொமீதியஸ்' விண்கலத்தில் தொலைதூரத் துணைக்கோள் ஒன்றுக்குச் செல்கிறார்கள். பயணத்துக்குப் பணம் கொடுத்தவர் பீட்டர் வெய்லாண்ட் என்ற பெரும்பணக்காரர். கூடவே டேவிட் என்ற செயற்கை மனிதனும் வருகிறான். 'பொறியாளர்கள்' என்று அவர்கள் அழைக்கும் படைப்பாளிகளைக் கண்டும்பிடிக்கிறார்கள். ஆனால் அந்தப் படைப்பாளிகள் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே பூமியை அழிக்கத் தயாராகிவிட்டவர்கள் என்று பிறகுதான் தெரிகிறது.

முட்டாள்தனத்தின் பட்டியல்

படத்தைக் குறைசொல்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது இந்தப் பட்டியல்தான். முன்பின் தெரியாத உலகில், காற்று சுவாசிக்கத்தக்கது என்று கருவி சொன்னவுடன் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார் ஹாலோவே. கிருமி என்ற ஒன்று இருப்பதை எல்லாரும் மறந்துவிட்டார்கள் போலும். சுரங்க வழிகளை வரைபடமாக்கும் கருவிகளைப் பறக்கவிட்ட நிலவியலாளரே வழி தெரியாமல் தொலைந்துபோகிறார். உயிரியலாளரோ, நாகம்போல் தலை விரித்துச் சீறும் பிராணியைச் செல்லப்பிராணியாக நினைத்துக் கை நீட்டுகிறார். இறுதியில், உருண்டு வரும் ராட்சத விண்கலத்துக்கு முன்னால், பக்கவாட்டில் விலகாமல் நேர்க்கோட்டில் ஓடி நசுங்கிச் சாகிறார் வெய்லாண்டின் மகள் விக்கர்ஸ். இந்த ஓட்டத்தைக் கிண்டலடிக்காத ரசிகர் கூட்டமே இல்லை.

படத்தை ஆதரிப்பவர்களிடம் ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு. நிலவியலாளர் தொலைந்துபோனது உண்மைதான், ஆனால் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது விண்கலத்தில். அங்கிருந்து வழிநடத்த வேண்டிய தளபதி ஜானெக், விக்கர்ஸின் அறைக்குப் போய்விட்டார். உயிரியலாளரின் ஆர்வத்துக்கும் காரணம் உண்டு. முதன்முதலாக ஒரு சிறு வேற்றுலகப் புழுவைக் கண்டு அவர் பூரித்துப்போகும் காட்சி படமாக்கப்பட்டது. அது திரையரங்குப் பதிப்பில் வெட்டப்பட்டு, வீட்டுக் காணொளி வட்டில் மட்டும் சேர்க்கப்பட்டது. ஆனால் உயிரியல் படிக்கும் என் தோழி இந்தச் சமாதானத்தை ஏற்கவே இல்லை. "ஆய்வுக்கூடத்தில் கையுறை இல்லாமல் எலியைத் தொட்டாலே எங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள்" என்றாள்.

ஆதரவாளர்களின் வலுவான வாதம் வேறு. 'ஏலியன்' படத்தில் மட்டும் புத்திசாலிகளா இருந்தார்கள், முட்டைக்குள் தலையை நீட்டி எட்டிப்பார்த்த கேன் என்ன பெரிய மேதையா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். 'ஏலியன்' மாந்தர்கள் விண்வெளியில் சரக்கு ஏற்றிச் செல்லும் தொழிலாளர்கள், ஆராய்ச்சியாளர்கள் அல்லர். அந்தக் கூட்டத்திலும் ரிப்ளி விதியைச் சொல்கிறாள். முகத்தில் பிராணி ஒட்டிய நிலையில் கேனைத் தூக்கி வந்தவர்களிடம், 24 மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும் என்று கதவைத் திறக்க மறுக்கிறாள். கதவைத் திறந்துவிடுபவன் ஆஷ். ஏன் திறந்தான் என்பது பிறகு தெரியவரும்போது நமக்கு ரத்தம் உறைகிறது. அங்கே முட்டாள்தனம்போல் தெரிந்ததற்குப் பின்னால் ஒரு நிறுவனத்தின் பேராசை இருக்கிறது. 'பிரொமீதியஸ்' படத்தின் தலைக்கவசத்துக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. நடிகர்களின் முகம் நமக்குத் தெரிய வேண்டும், அவ்வளவே.

ஆகவே இந்தக் குற்றச்சாட்டில் நான் குறைசொல்பவர்கள் பக்கம்.

ஆனால் பட்டியலில் தவறாகச் சேர்ந்துவிட்ட ஒன்றும் உண்டு. 'ஏலியன்' படத்தில் ஓட்டுநர் இருக்கையிலேயே இறந்துகிடந்தாரே, இதில் பொறியாளர் இருக்கையை விட்டு எழுந்து வந்து வேறிடத்தில் சாகிறாரே, ஸ்காட்டுக்குத் தம் சொந்தப் படமே மறந்துவிட்டதா என்று பலர் கேட்கிறார்கள். மறக்கவில்லை. இரண்டும் வெவ்வேறு துணைக்கோள்கள், வெவ்வேறு கலங்கள். 'பிரொமீதியஸ்' போய் இறங்குவது எல்வி-223இல். முதல் படத்தின் உலகத்துக்கு எல்வி-426 என்ற பெயர் 1986இல் வந்த 'ஏலியன்ஸ்' படத்தில்தான் கிடைத்தது. அதேபோல, ஷா தன் வயிற்றைத் தானே அறுத்துக்கொள்ளும் அறுவைப் பெட்டி ஆண்களுக்கு மட்டுமே அமைக்கப்பட்டிருப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. விக்கர்ஸின் அறையில் ஆண்களுக்கான பெட்டி எதற்கு? இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட கிழவர் வெய்லாண்ட் அதே கலத்தில் ஒளிந்திருக்கிறார் என்பதற்கான குறிப்பு அது.

யானை முகம் போய், கவசம் வந்தது

எனக்கு உண்மையாகவே வலித்தது வேறோர் இடம். அந்த யானை முகம் ஒரு கவசம் என்று இந்தப் படம் சொல்கிறது. அதைக் கழற்றினால் உள்ளே வெளிறிய நிறத்தில், தலைமுடி இல்லாத, உயரமான, கட்டுமஸ்தான மனிதன் இருக்கிறான். நம் மரபணுவும் அவர்களுடையதும் ஒன்று என்றும் ஆய்வில் தெரிகிறது.

1979இல் அந்தக் காட்சி நம்மை அச்சுறுத்தியதற்குக் காரணம், அதில் நமக்குச் சம்பந்தமான எதுவுமே இல்லாததுதான். நாம் பிறப்பதற்கு முன்பே, நம்மை அறியாத யாரோ, நமக்குப் புரியாத வேலையாகப் போகையில் மாண்டுபோயிருக்கிறார்கள். பேரண்டம் அவ்வளவு பெரிது. 'பிரொமீதியஸ்' அதே பேரண்டத்தை ஒரு குடும்பக் கதையாகச் சுருக்கிவிடுகிறது. தூரத்தில் கிடந்த பிணம் நம் அப்பா ஆகிவிட்டார்!

முன்கதைப் படங்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. 1999இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' முன்கதை, அதுவரை ஆன்மிக ஆற்றலாக இருந்த 'ஃபோர்ஸ்' சக்தியை ரத்தத்தில் அளக்கக்கூடிய நுண்ணுயிர்க் கணக்காக்கியபோதும் ரசிகர்கள் கொதித்தார்கள். 2016இல் வந்த 'ரோக் ஒன்' மட்டும் தப்பித்தது. டெத் ஸ்டாருக்கு ஏன் அப்படியொரு பலவீனம் இருந்தது என்ற சின்னக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, பெரிய மர்மங்களில் அது கை வைக்கவில்லை.

டேவிட் இருக்கும் வரை

இவ்வளவு குறை சொன்ன பிறகும் நான் இந்தப் படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் மைக்கல் ஃபாஸ்பெண்டர். மற்றவர்கள் உறைநிலைத் தூக்கத்தில் கிடக்கும்போது டேவிட் மட்டும் கலத்தில் தனியாக உலவுகிறான். மிதிவண்டி ஓட்டியபடியே பந்தைக் கூடையில் போடுகிறான். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' பார்த்து, அதன் நாயகனைப்போல் முடிக்குச் சாயம் பூசிக்கொள்கிறான். படைத்தவர்களிடம் பேசுவதற்காக, இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் ஊகித்தெடுக்கப்பட்ட தாய்மொழியைக் கற்கிறான். (அந்தக் குடும்பத்தில் தமிழ் இல்லை. மனித குலத்துக்கே பொதுவான மூலமொழியைப்போல அதைப் படம் காட்டும்போது தமிழ் படித்தவர்களுக்குச் சற்று உறுத்தத்தான் செய்யும்.)

படத்தின் உயிர் ஒரு பில்லியர்ட்ஸ் மேசைக்கருகில் நடக்கும் சிறிய உரையாடலில் இருக்கிறது. படைத்தவர்கள் உயிரோடில்லை என்ற ஏமாற்றத்தில் குடித்துக்கொண்டிருக்கும் ஹாலோவேயிடம், மனிதர்கள் என்னை ஏன் படைத்தார்கள் என்று டேவிட் கேட்கிறான். முடிந்தது, செய்தோம் என்ற பொருளில் அலட்சியமாகப் பதில் வருகிறது. உங்களைப் படைத்தவரும் இதையே சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று டேவிட் அமைதியாகக் கேட்கிறான். ஹாலோவே சிரித்துவிட்டு விட்டுவிடுகிறார். அடுத்து டேவிட் அவருடைய மதுவில் ஒரு துளி கறுப்புத் திரவத்தைக் கலந்து கொடுக்கிறான். இங்கே நமக்கு எல்லாம் புரிகிறது. யாரும் எதையும் விளக்கவில்லை.

தூக்கத்திலிருந்து எழுப்பப்படும் பொறியாளரிடம் டேவிட் அந்தப் பழைய மொழியில் பேசுகிறான். மொழிபெயர்ப்பு தரப்படுவதில்லை. பொறியாளர் அவன் தலையைத் தடவுகிறார், பிறகு அதையே பிய்த்தெறிகிறார். இந்தக் காட்சியில் பொறியாளரும் பேசும் நீண்ட வடிவம் ஒன்று எடுக்கப்பட்டு வெட்டப்பட்டது. அதைச் சேர்த்திருந்தால் படம் தப்பித்திருக்கும் என்பது ஒரு கட்சி. எனக்கு வெட்டியதே சரி என்று படுகிறது. ஆயுளை நீட்டித் தருவார் என்று எதிர்பார்த்துத் தன் கடவுளைத் தேடி வந்த கிழவருக்குப் பேச்சு எதற்கு, அந்த அறை போதும்.

ஆனால் படம் தான் ஒரு முன்கதை என்பதை மறுபடி நினைத்துக்கொள்கிறது. கடைசிக் காட்சியில், பழைய ஏலியனின் சாயலில் ஒரு பிராணி பொறியாளரின் மார்பைப் பிளந்துகொண்டு வெளியே வந்து கத்துகிறது. அதற்குச் சற்று முன்புதான் ஷா, டேவிட்டின் துண்டான தலையைப் பையில் போட்டுக்கொண்டு, 'எங்களை ஏன் வெறுத்தீர்கள்?' என்று கேட்கப் படைத்தவர்களின் உலகத்தை நோக்கிப் புறப்பட்டிருந்தாள். அங்கேயே முடித்திருக்கலாம்.

ரசிகர்கள் கேட்டது கிடைத்தது

'ஏலியன்' பெயரைச் சொல்லிவிட்டு ஏலியனைக் காட்டவில்லையே என்பது 2012இல் பலரின் புகார். ஸ்காட் அதைக் காதில் வாங்கிக்கொண்டார், பேட்டியிலும் சொன்னார். 2017இல் வந்த 'ஏலியன்: கவனன்ட்' படத்தில் பழைய பிராணி திரும்பி வந்தது. அதற்குக் கொடுத்த விலை என்ன தெரியுமா? ஷா இரண்டு படங்களுக்கும் இடையில் இறந்துவிட்டாள். அவள் தேடிப்போன படைத்தவர்களை டேவிட் ஒரே நாளில் கறுப்புத் திரவத்தால் கொன்றுவிட்டான். அவள் கேட்கப்போன கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் மிச்சமில்லை. போதாக்குறைக்கு, ஏலியனையே டேவிட்தான் உருவாக்கினான் என்றும் ஆனது. 'பிரொமீதியஸ்' அளவுக்குக்கூட அது ஓடவில்லை. வசூல் சுமார் 240 மில்லியன் டாலர்.

2024இல் வந்த 'ஏலியன்: ரோமுலஸ்' அந்தக் கறுப்புத் திரவத்தை மறுபடி எடுத்தது. அதன் இறுதியில் வரும் உயிரின் முகத்தில் பொறியாளரின் சாயல் அப்படியே தெரிந்தது. பழைய சண்டையும் உடனே புதுப்பிக்கப்பட்டது.

இந்த வரிசையைப் புதிதாகப் பார்க்கப்போகிறவர்கள் கதை நடக்கும் ஆண்டுக் கணக்கின்படி 'பிரொமீதியஸ்' படத்திலிருந்து தொடங்க நினைக்கலாம். வேண்டாம். முதலில் 1979ஆம் ஆண்டுப் படத்தைப் பாருங்கள், விளக்கை அணைத்துவிட்டு. இருக்கையில் அந்த உருவம் வரும்போது அது யாரென்று தெரியாமல் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்கு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும்.